நடு நாற்காலியில் என் வீட்டுக்காரர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதன் முடிவில் குழந்தை பிறக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க உட்கார்ந்தீர்கள் என்றால் இங்கேயே எழுந்து போய் வேலையைப் பார்க்கலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதிரி அனுபவங்களை எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசிப் பத்தியில் ஒரு தொட்டிலை ஆட்டிவிட்டுத்தான் போகிறார்கள். எனக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் மிஞ்சியது. தொட்டில் ஆடாதவர்கள் என்ன ஆனார்கள், அவர்கள் எப்படி எழுந்து நடமாடினார்கள் என்று ஒருவர்கூட எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் கலாமணி. அவிநாசிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் சண்முகம் கோயமுத்தூரில் ஒரு பவுண்டரியில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் வார்ப்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு புனேவுக்கு வந்தார். தாபோடியில் ஒரு மாடி வீடு பிடித்தோம். கீழே வீட்டுச் சொந்தக்கார அம்மா இருந்தார். தெருவே அவரைக் காக்கூ என்றுதான் கூப்பிடும், நம் ஊரில் சித்தி என்பது போல. பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை காக்கூதான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி தெரியாது. ஒரு வருடம் போவதற்குள் எனக்கு மராத்தி வந்துவிட்டது, இந்தியும் கேட்டால் புரிந்தது. அவருக்கு ‘வாங்க’ மட்டும் வந்தது.

இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. வந்த புதிதில் காய்கறிக்காரியிடம் நான் மராத்தியில் பேரம் பேசியதைக் கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றோடு அவர் காதுபட மராத்தி பேசுவதை விட்டேன். எனக்கு அவ்வளவு ரோஷம். அவருக்குத் தெரிந்தது கம்பெனி இந்தி, ‘டைட் கரோ, லூஸ் கரோ, மால் ரிஜெக்ட்’ அளவுக்கு. அதை வைத்துக்கொண்டு கடையில் அவர் பேசுவார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தன் பெண்டாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்று அவர் எல்லோரிடமும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து எனக்கு நாள் தள்ளிப் போனது. உடனே ஊருக்குப் போன் போட்டாயிற்று. அத்தை, அதாவது அவருடைய அம்மா, அங்கே முருகனுக்கு அபிஷேகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அபிஷேகம் நடப்பதற்குள் ஒரு நாள் காலையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் வலது பக்கம் சுருக்கென்று பிடித்தது. வலி தோள்பட்டை வரை ஏறியது, கண் இருட்டியது. அவர் வேலைக்குப் போயிருந்தார். காக்கூதான் ரிக்ஷா பிடித்து, என் தலையை மடியில் போட்டுக்கொண்டு, வழி நெடுக ரிக்ஷாக்காரனைத் திட்டியபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கம்பெனிக்குத் தகவல் போய் என் வீட்டுக்காரரும் அங்கே வந்து சேர்ந்தார்.

நடந்தது என்ன என்று எளிமையாகச் சொல்கிறேன். கரு நகர்ந்து போய்க் கர்ப்பப்பைக்குள் தங்க வேண்டும். எனக்கு அது போகிற வழியிலேயே, கருக்குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் குழாய் மெல்லியது, பிள்ளை வளர அங்கே இடம் கிடையாது. குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. உடனே வயிற்றைத் திறந்து குழாயை எடுத்தால்தான் ஆள் பிழைக்கும். எடுத்தார்கள். பிழைத்தேன்.

பிழைத்தவளை எங்கே படுக்க வைத்தார்கள் தெரியுமா? பிரசவ வார்டில். பெண்கள் வியாதி எல்லாவற்றுக்கும் ஒரே வார்டாம். என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் ஒரு குழந்தை. இந்த ஊரில் பையன் பிறந்தால் பேடா கொடுப்பார்கள், பெண் பிறந்தால் பர்ஃபி. வருகிறவர்கள் வார்டு முழுக்க நீட்டிக்கொண்டே வருவார்கள், என் கட்டிலிலும் நிறுத்துவார்கள். “உங்களுக்கு என்ன குழந்தை?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். தலையணைக்குப் பக்கத்தில் பேடா சேர்ந்துகொண்டே போயிற்று. ஆயாவைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னால், “சாப்பிடு, நல்லது, அடுத்தது உனக்கு” என்றாள். இதை ஏற்பாடு செய்த புண்ணியவான் யாரென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஆப்பரேஷன் முடிந்த அடுத்த நாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூட வந்த சின்ன டாக்டரிடம் மராத்தியில் சொன்னார், வலது குழாயை எடுத்தாயிற்று, இடது குழாயும் ஒட்டிக்கொண்டு அவ்வளவு நன்றாக இல்லை என்று. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பிறகு என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டு அவரிடமும் இதையே சொல்லியிருப்பார் போல. இவர் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல கலா. சின்னக் கட்டியாமா. எடுத்துட்டாங்களாமா. இனி பயமே இல்லைன்னுட்டாங்க.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை, மனப்பாடம் செய்தது போல வந்தது. சரிங்க என்றேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் புரியும் என்று தெரிந்துவிட்டால் இனி டாக்டர்கள் என் முன்னால் எதையும் பேசாதபடி பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. எனக்குக் கிடைக்கிற ஒரே உண்மை அதுதான். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். வார்டுக்குத் தினமும் காலையில் நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமல் வருவார். தானே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக் கொண்டுவருவார், அடி பிடித்த பகுதியைத் தான் வைத்துக்கொண்டு மேலாக இருப்பதை எனக்குப் போடுவார். என் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்து ஒரு நாள் எண்ணெய் கொண்டுவந்து, அத்தனை பெண்களும் பார்த்துச் சிரிக்க, சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். பின்னல் கோணலாகத்தான் வந்தது. அன்று முழுக்க அதை நான் அவிழ்க்கவில்லை.

தையல் ஆறியதும் சிகிச்சை ஆரம்பித்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. மிச்சமிருக்கும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கீழ் வழியாக மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். லேசாக வலிக்கும் என்பார்கள். லேசா, கனமா என்று எடுத்துக்கொண்டவளைக் கேட்டால் அல்லவா தெரியும்? கருமுட்டை வளர மாத்திரை, அது போதாது என்று ஊசி. முட்டை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோனோகிராபி. நம் ஊரில் ஸ்கேன் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். முட்டை வெடிக்கும் சமயம் பார்த்து, கணவரின் விந்தணுவைச் சுத்தம் செய்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள். பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் மாடிப்படியில் ஏறுவதா வேண்டாமா, தும்மலாமா கூடாதா என்று பயந்து பயந்து நடந்து, கடைசியில் தீட்டு வந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

காத்திருக்கும் கூடத்தில் சுவர் முழுக்கக் கொழுகொழு குழந்தைகளின் படம். பிள்ளை இல்லை என்று வந்து உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்க்க வேறு என்ன படம் மாட்டலாம் என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை. ஒரு மலை, ஒரு ரோஜாப்பூ மாட்டினால் போதாதா? பேர் கூப்பிடும்வரை எல்லாப் பெண்களும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கணவன்மார் பேப்பர் படிப்பார்கள். உள்ளே போனால் டாக்டர் என்னைப் பார்க்க மாட்டார், இவரிடம்தான் பேசுவார். இவர் வெளியே வந்து, “எல்லாம் நல்லாருக்குதாமா, கொஞ்சம் தெம்பு பத்தலியாமா” என்பார். உள்ளே டாக்டர் சொன்னது முட்டை வளரவேயில்லை என்று. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. அவர் ஓவர்டைம் செய்தார், என் வளையல் போனது, எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

பொங்கலுக்குத் தமிழ்க்காரர்கள் ஒன்றுகூடும் இடத்துக்குப் போனால் “விசேஷம் உண்டுங்களா?” என்று கேட்பார்கள். போவதை நிறுத்தினேன். பிறகு காக்கூ வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு தூக்கம் நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், கை நீட்டி அணைக்கத் தோன்றாது. குளிக்கக் கிளம்பி மதியம்வரை கட்டிலில் துண்டோடு உட்கார்ந்திருப்பேன். அழுகைகூட வரவில்லை. வந்திருந்தால் தேவலை. இதற்கு மனச்சோர்வு என்று பேர், இது சர்க்கரை வியாதி மாதிரி ஒரு வியாதிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குக் கொழுப்பு என்றுதான் நானே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அடுத்த கட்டத்தைச் சொன்னார், டெஸ்ட் ட்யூப் முறை. ஊசி போட்டு நிறைய முட்டைகளை வளர்த்து, அவற்றை வெளியே எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் கருவாக்கி மறுபடியும் உள்ளே வைப்பது. அடுத்த தீட்டு வந்ததும் ஊசி ஆரம்பம். துணைக்கு அத்தை வருவதற்கு ரயிலில் டிக்கெட்டும் போட்டாயிற்று. எனக்கு வேண்டாம் என்று இருந்தது. உடம்பில் இனி ஒரு ஊசி ஏறக் கூடாது என்று இருந்தது. ஆனால் உனக்கு இதில் சம்மதமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கார்டில் என் எடை இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்த டாக்டர் மட்டும், ஊசிக்கு முன்னால் இவளைக் கவுன்சிலரிடம் காட்டி மனதைத் தயார் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

“கவுன்சிலருன்னா என்னுங்க?” என்று கேட்டேன்.

“சும்மா பேசறவங்களாமா.” சிறிது நேரம் கழித்து, “ஊருக்குச் சொல்ல வேண்டாம் கலா. பைத்தியத்துக்குப் பாக்கறாங்கன்னு கதை கட்டீருவாங்க” என்றார்.

கவுன்சிலர் என்பவர் மருந்து கொடுக்கிறவர் இல்லை. உட்கார வைத்துப் பேசுவார், பேசவிடுவார். மருந்து வேண்டுமென்றால் மனநல டாக்டரிடம் அனுப்புவார். எங்களுக்குக் கிடைத்தவர் நாற்பது வயதுக்காரர், எல்லோரும் தாயி என்று கூப்பிட்டார்கள், மராத்தியில் அக்கா. சின்ன அறை, மூன்று நாற்காலி. இவர் நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேடம், இவளுக்கு இந்தி, மராத்தி எதுவும் வராது. நான் சொல்றேன்” என்று தன் இந்தியில் ஆரம்பித்தார்.

தாயி இந்தியில் கேட்பார், இவர் தமிழில் என்னிடம் சொல்வார், நான் தமிழில் சொன்னதை இவர் இந்தியில் அவரிடம் சொல்வார். அப்படித்தான் ஏற்பாடு. எல்லாவற்றிலும் எது கஷ்டமாக இருக்கிறது என்று தாயி கேட்டார். இதை மட்டும் இவர் சரியாகவே சொன்னார். நானும் மனதைத் திறந்து சொன்னேன்.

“ஆசுபத்திரி வாசலப் பாத்தாலே கொமட்டுதுங்க. இன்னொரு ஊசின்னா என்னால முடியாது. இதோட விட்ருங்கன்னு கேளுங்க.”

இவர் தாயியிடம், “கொஞ்சம் களைப்பா இருக்குன்னு சொல்றா மேடம். மத்தபடி தைரியமான பொண்ணு. குழந்தைன்னா உயிரு” என்றார்.

தாயி தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில், “நல்ல அம்மா, இல்ல?” என்று கேட்டார். அவர் என் தோளில் கை வைத்து, “எல்லாம் சரியாயிரும்” என்றார்.

அடுத்த முறை போனபோது தாயி பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு, இவரிடம் மெதுவாகக் கேட்டார். “செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா? அப்படியே கேளுங்கள், மாற்றாமல் கேளுங்கள்.”

இவர் கைக்குட்டையை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ராத்திரி நல்லாத் தூங்கறயான்னு கேக்கறாங்க.”

“இல்லீங்க” என்றேன்.

“நஹி மேடம்” என்றார் அவர், சந்தோஷமாக. “பில்குல் நஹி.”

தூக்கமில்லை என்று நான் சொன்னது சாகும் எண்ணமில்லை என்று அங்கே போய்ச் சேர்ந்தது. தாயிக்கு நிம்மதி, இவருக்கு நிம்மதி. மூன்று பேர் இருக்கிற அறையில் வியாதிக்காரி நான் ஒருத்தி மட்டும்தான் கணக்கில் வரவில்லை. இத்தனை நாள் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

“தாயி, மலா கள்தா” என்றேன். எனக்குப் புரியும் என்று அர்த்தம்.

இவர், வீட்டில் இருக்கிற அரிசி மூட்டை வாயைத் திறந்து பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. மராத்தியிலேயே சொல்லிக்கொண்டு போனேன். சாக வேண்டும் என்று கிளம்பியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் பஸ் பாலத்தில் ஏறும்போது இது ஆற்றில் விழுந்தால் நன்றாயிருக்கும், இன்றைக்கு ஊசி போட வேண்டியிருக்காது என்று தோன்றும். தினமும் தோன்றும். இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கவேயில்லை. காக்கூவிடம் உளுந்து விலையைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருந்தது.

தாயி எழுந்து இவரை வெளியே உட்காரச் சொன்னார். இவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் எழுந்து போனார், கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டார்.

தாயியும் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. நடுவில் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைக் கலாவதி என்றே கடைசிவரை கூப்பிட்டார். “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்று அவர் கேட்டபோது, முதல் நாள் நீங்கள் என்னைக் கேட்கவில்லையே, அவரைத்தானே கேட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைத் திறந்து, முதல் நாள் எழுதியிருந்ததை அடித்தார். பிறகு ஆமாம் என்றார். அன்றே என்னை மனநல டாக்டரிடம் அனுப்பினார். தனியாக விட வேண்டாம் என்று இவரிடம் சொன்னார். மாத்திரை எழுதினார்கள். இரண்டு மூன்று வாரம் போனால்தான் வேலை செய்யும் என்றார்கள். தாயியிடம் டெஸ்ட் ட்யூப் பற்றிக் கேட்டேன். “தயார் செய்து அனுப்பு என்றுதான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். நான் எழுதி அனுப்புகிறேன், இப்போது முடியாது என்று. வேண்டுமா வேண்டாமா என்பதை நீ தூங்கி எழுந்த பிறகு நீயே சொல்” என்றார்.

பஸ்ஸில் தாபோடிக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கேட்டார்.

“எப்பத்துல இருந்து?”

“வந்த வருசத்துல இருந்து.”

“அப்பக் கொழாய எடுத்தது?”

“அன்னிக்கே தெரியும்.”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். “தெரிஞ்சும் ஏன் கலா சொல்லல?”

“நீங்க ஏனுங்க சொல்லல?”

அவர் எழுந்து போய் அரிசி களைந்தார். நான் சமையல் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் மேல் கொலைவெறி இருந்தது, தள்ளிப் போகவும் மனமில்லை.

காக்கூவிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார், என்னைத் தனியாக விட வேண்டாம் என்று. அதிலிருந்து காக்கூ தினமும் கீரைக்கட்டோடு மேலே வந்து உட்கார்ந்துகொண்டார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி.வி.யில் வரும் மாமியார் கதையைச் சொல்வார், நான் கீரை ஆய்வேன். மாத்திரை மெதுவாக வேலை செய்தது. ஒரு நாள் பால் பொங்கியபோது கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. நான் அதைத்தான் குணமான நாள் என்று வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு தாயி எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். இந்தத் தடவை கேள்வி இவருக்கு. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவர் இந்தியில் ஆரம்பித்தார். “மேடம், மைன்... டென்ஷன்...” அதற்கு மேல் வரவில்லை. டைட், லூஸ் இந்தியில் இதற்கு வார்த்தை கிடையாது. விரலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

“தமிழ்லயே சொல்லுங்க. நான் சொல்றேன்” என்றேன். நாற்காலியை மாற்றிக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார். “எனக்குக் கொழந்த வேணுங்க. இவ வேண்டாங்கறா. எனக்கு இவ மேல கோவமா இருக்குது. கோவப்பட உனக்கு என்ன யோக்யதைன்னு என்ற மேலயும் கோவமா இருக்குது. அன்னிக்கு ஆப்பரேசன் தேட்டர் வாசல்ல, கொழாய எடுத்தாத்தான் ஆளு பொழைக்கும்னாங்க. யோசிக்காமக் கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்பறம் இவகிட்ட எதையுமே நெசமாச் சொல்ல வாய் வரமாட்டீங்குது. சொன்னா அன்னிக்கே செத்திருக்கலாம்னு சொல்லீருவாளோன்னு பயமா இருக்குது.”

கோபத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லலாமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் அவர் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. எவ்வளவு சுலபம். ஆனால் ஒரு வார்த்தையையும் விடாமல் மராத்தியில் சொன்னேன். அவருக்கு என் மேல் கோபம் என்று என் வாயாலேயே சொன்னேன். வலித்தது. கூடவே ஒரு ஆறுதல். அவர் எனக்காக எதையும் மூடி மறைக்காமல் பேசியதைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

டெஸ்ட் ட்யூப் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அவருக்கு முழு மனதில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். அப்படியானால் தத்து எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்கிற மாதிரி. அதைப் பற்றி அவர் தமிழில் சொல்ல, நான் மராத்தியில் சொல்ல, தாயியிடம் பல நாள் பேசினோம். ஒத்து வரவில்லை. இரண்டு பேராகவே இருக்கிறோம். சில நாள் அவருக்கு என் மேல் கோபம் வரும், வந்தால் சொல்வார். நானும் சொல்வேன்.

முடிவெடுத்த வாரம் ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்ததே, அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். அத்தை போனில் பேசினால் பூத்துக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும். தள்ளிப் போட்டிருந்த டிக்கெட்டின் புதுத் தேதியைச் சொல்லிவிட்டு, முறுக்குச் சுடட்டுமா, ரவா லட்டா என்று கேட்டார்கள்.

“அம்மா, டிக்கெட்டக் கேன்சல் பண்ணீருங்க. அந்த வைத்தியம் வேண்டாம்னு விட்டாச்சு” என்றார் இவர்.

அத்தையின் குரல் இன்னும் ஏறியது. “ஆரு வேண்டாம்னது? அவளா?”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாந்தானுங்கம்மா. எனக்குத்தான் வேண்டாம்னு தோணுச்சு. கலா வேணும்னுதான் சொன்னா.”

எனக்காகத்தான் சொன்னார். ஊரில் என் பேர் கெடக் கூடாது என்று அத்தனை பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். வேறொருத்தியாக இருந்தால் கண் கலங்கியிருப்பாள். எனக்கு வந்தது கோபம். ரிசீவரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“அத்தை, கலாமணி பேசறேனுங்க. வேண்டாம்னது அவருல்லீங்க, நானு. என்னால முடியலீங்க.”

“அப்பறம் அவனெதுக்கு அம்மிணி நாந்தான்னு சொல்றான்?”

“எனக்குப் பதிலாப் பேசிப் பேசிப் பழகிட்டாருங்கத்தை. இனிமே என்னுதை நானே பேசிக்கறேனுங்க.”